அம்மா கலிஃபோர்னியாவில், வீடு நியூ ஜெர்சியில்: எந்த மாநில நீதிமன்றம் விசாரிக்கும்?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகியின் தாயாருக்கு வயது 79. கணவர் மறைந்தபின் 14 ஆண்டுகளாக மகள் வீட்டில் இருந்து வருகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் நோய் உறுதியானது. அதன் பிறகு வாரத்தில் ஐந்து நாள், நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் ஒரு முதியோர் பகல்நேர மையத்துக்குப் போய் வந்தார். கடந்த நவம்பரில் கும்பகோணம் சென்று, தம் பெயரில் இருக்கும் வீட்டில் ஜனவரி இறுதி வரை தங்கித் திரும்பினார். மார்ச் 20 அன்று, பேத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்காகக் கலிஃபோர்னியாவில் உள்ள மகன் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் மட்டும் என்றுதான் பேச்சு. ஆகஸ்ட் பிறந்துவிட்டது, அம்மா திரும்பவில்லை.

"அம்மா இனி இங்கேதான். ஆறு மாதம் ஆனதும் இங்கே கோர்ட்டில் மனுப் போட்டு நானே கார்டியன் ஆகிவிடுவேன்" என்று தம்பி சொல்லிவிட்டார். 2019-இல் அம்மா தெளிவாக இருந்தபோது, மகள் பெயருக்குப் பவர் ஆஃப் அட்டர்னியும் மருத்துவ முடிவுகளுக்கான ஹெல்த் கேர் ப்ராக்ஸியும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடந்த ஏப்ரலில் தம்பி தன் பெயருக்குப் புதிதாக ஒரு பவர் ஆஃப் அட்டர்னி வாங்கியிருக்கிறார். "14 வருடம் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு உரிமை இல்லையா? இந்தியாவில் மூன்று மாதம் இருந்ததால் ஆறு மாதக் கணக்கு உடைந்துவிட்டதா? பேசாமல் போய் அம்மாவை விமானத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு சின்னச் செய்தி. அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கான மாத்திரைகளைக் காலை, மாலை எனப் பிரித்து டப்பாக்களில் அடுக்கி, மூடியில் தமிழில் கிழமை எழுதி அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை ஆற்றாமையோடு எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞராக நான் அதை ஒரு சான்றாகப் பார்க்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அம்மாவுக்காக முடிவெடுக்க நீதிமன்றம் நியமிக்கும் கார்டியனாக யார் ஆவது என்பது ஒன்று. அதை முடிவு செய்யும் அதிகாரம் எந்த மாநில நீதிமன்றத்துக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. நீங்களும் தம்பியும் முதல் கேள்விக்குச் சண்டை போடுகிறீர்கள். நீதிபதி முதலில் எடுப்பது இரண்டாவதை. அந்தக் கட்டத்தில் நீங்கள் 14 ஆண்டுகள் பார்த்துக்கொண்டது பாசத்தின் கணக்கில் வராது. அம்மாவின் வாழ்க்கை நியூ ஜெர்சியில் வேரூன்றியிருந்தது என்பதற்கான ஆதாரமாகவே வரும். யார் நல்ல பிள்ளை என்பதை அப்போது யாரும் எடைபோட மாட்டார்கள். இதைக் கேட்க வருத்தமாக இருக்கும். ஆனாலும் இதைப் புரிந்துகொண்டால் அடுத்த சில வாரங்களில் எதற்கு நேரம் செலவிட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ஆறு மாதம் என்பதன் பொருள்

முன்பெல்லாம் ஒரு முதியவர் எந்த மாநிலத்தில் கால் வைத்திருக்கிறாரோ, அங்குள்ள நீதிமன்றமே கார்டியன் மனுவை எடுத்துக்கொள்ள முடியும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. இரண்டு பிள்ளைகள் இரண்டு மாநிலங்களில் வழக்குப் போட்டு, இரண்டு நீதிமன்றங்களும் விசாரணை நடத்திய கதைகள் உண்டு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2007-இல் ஒரு மாதிரிச் சட்டம் உருவானது. மிகப் பெரும்பாலான மாநிலங்கள் அதைத் தங்கள் சட்டமாக்கிக்கொண்டன. நியூ ஜெர்சி 2012-இல் ஏற்றது. கலிஃபோர்னியாவில் 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே பெரியவர்களுக்கு நியமிக்கப்படுபவரைக் கன்சர்வேட்டர் என்பார்கள். பெயர் வேறு, இந்த விதிகள் ஏறக்குறைய ஒன்றே. உங்கள் இரு மாநிலங்களும் ஒரே சட்டத்தின் கீழ் இருப்பது உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

அந்தச் சட்டப்படி முன்னுரிமை ஹோம் ஸ்டேட்டுக்கு. மனுத் தாக்கலாவதற்கு உடனடியாக முந்தைய ஆறு மாதங்கள் தொடர்ச்சியாக அவர் எங்கே இருந்தாரோ அதுவே ஹோம் ஸ்டேட். அப்படி எந்த மாநிலமும் இல்லாவிட்டால், மனுவுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் முடிந்த ஓர் ஆறு மாதக் காலத்தை அவர் எங்கே கழித்தாரோ அந்த மாநிலம். தற்காலிகமாக வெளியே போயிருந்த நாட்களும் இந்தக் கணக்கில் சேரும் என்று சட்டமே சொல்கிறது.

இதை உங்கள் நிலைமையில் பொருத்திப் பாருங்கள். கும்பகோணப் பயணம் ஒரு தற்காலிகப் பயணம். போகும்போதே திரும்பும் டிக்கெட் இருந்தது, திரும்பியும் வந்தார். ஆகவே கணக்கு உடையவில்லை. குளிர்காலத்தில் ஊருக்குப் போய்வரும் நம் பெற்றோர் அத்தனை பேருக்கும் இது பொருந்தும். கலிஃபோர்னியாவுக்குப் போனதும் தற்காலிகமாகத்தான் என்று காட்ட முடிந்தால், அம்மா இந்த நிமிடம் வரை நியூ ஜெர்சியில் இருப்பவராகவே கருதப்படுவார். அப்படிக் காட்ட முடியாமல் போனாலும், அங்கே ஆறு மாதம் நிறைவதற்குள் நீங்கள் மனுத் தாக்கல் செய்தால் நியூ ஜெர்சிதான் ஹோம் ஸ்டேட்.

மார்ச் 20-இலிருந்து ஆறு மாதம் நிறையும் செப்டம்பர் 20-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றோடு எல்லாம் போய்விடும் என்று தம்பி சொல்வது சரியல்ல. அதன் பிறகும் 'அது தற்காலிகத் தங்கல்தான், வாக்கு மாறித் தடுத்து வைத்தார்' என்று வாதாடலாம். ஆனால் அப்போது நீங்கள் மேடு ஏற வேண்டியிருக்கும், இப்போது சமதரையில் நிற்கிறீர்கள்.

இனி மாத்திரை டப்பாக்களுக்கு வருகிறேன். இரண்டு மாத மருந்து, மே மாதத்துக்கு எடுத்திருந்த திரும்பும் டிக்கெட், ஜூனில் நரம்பியல் மருத்துவரிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்ட், உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் குளிர்கால உடைகள், 'மே கடைசியில் கொண்டுவந்து விடுகிறேன்' என்று தம்பி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: இவையெல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். பகல்நேர மையத்தின் வருகைப் பதிவையும் கேட்டு வாங்குங்கள்.

மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். முதியோருக்கான மருத்துவக் காப்பீடான மெடிகேர் மத்திய அரசின் திட்டம், மாநிலம் மாறினாலும் தொடரும். வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் அப்படியல்ல, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நடத்துவது. அம்மாவைக் கலிஃபோர்னியாவின் மெடிகெய்டான மெடி-கால் திட்டத்தில் சேர்க்க வேண்டுமானால், அவர் கலிஃபோர்னியாவாசி என்று சொல்லியாக வேண்டும். தம்பி அப்படி விண்ணப்பித்திருந்தால், நாளை அதை ஆதாரமாக நீட்டுவார். அம்மாவின் பெயரில் வரும் மெடிகெய்ட் கடிதங்களைப் பிரிக்காமல் ஒதுக்கி வைக்காதீர்கள்.

மௌனம் இங்கே உண்மையிலேயே சம்மதம்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி இது: "அவன் அங்கே மனுப் போட்டால் போடட்டும், அது செல்லாது என்று நான் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவேன்." தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஹோம் ஸ்டேட்டாக இல்லாவிட்டாலும், ஒருவருக்குக் கணிசமான தொடர்பு உள்ள மாநிலம் வழக்கை எடுக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. வெறுமனே அங்கே தங்கியிருப்பது மட்டும் அந்தத் தொடர்பு ஆகாது. மகனும் பேத்தியும் அங்கே இருப்பது, புதிய மருத்துவரின் குறிப்புகள் இவற்றைக் காட்டித் தம்பி அதை நிறுவப் பார்க்கலாம். ஹோம் ஸ்டேட்டில் மனு எதுவும் இல்லை, அறிவிப்புப் பெற வேண்டியவர்கள் யாரும் அதிகார வரம்பை ஆட்சேபிக்கவில்லை, தானே பொருத்தமான இடம் என்று அந்த நீதிமன்றமும் கருதுகிறது என்றால், அங்கேயே நியமனம் நடந்துவிடலாம். நடந்துவிட்டால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் வழக்கு முடியும் வரை தொடரும். ஹோம் ஸ்டேட் அல்லாத இடத்தில் மனுப் போடுபவர், ஹோம் ஸ்டேட் சட்டப்படி அறிவிப்புப் பெற வேண்டியவர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஆகவே உங்களுக்கு உறை வரும். வந்த அன்றே கலிஃபோர்னியா வழக்கறிஞர் ஒருவர் மூலம் ஆட்சேபம் பதிவாக வேண்டும். இங்கேயும் மனுத் தாக்கலாக வேண்டும்.

அவசரநிலை என்று சொல்லித் தம்பி தற்காலிக நியமனம் கேட்கலாம். மாதிரிச் சட்டப்படி இதற்கு உச்ச வரம்பு 90 நாள். ஹோம் ஸ்டேட் நீதிமன்றம் கேட்டுக்கொண்டால் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், முடிவெடுக்க அதிகாரமும் விருப்பமும் உள்ள வேறு ஒருவர் இருந்தால் அது அவசரநிலை என்ற இலக்கணத்துக்கே பொருந்தாது. உங்களிடம் இருக்கும் 2019 ஹெல்த் கேர் ப்ராக்ஸி அதற்குத்தான் பயன்படும்.

அம்மாவை விமானம் ஏற்றிக் கூட்டி வருவது

உங்கள் கணவரின் கோபம் புரிகிறது. ஆனாலும் வேண்டாம். அநியாயமான நடத்தையால் அதிகார வரம்பைப் பெற்றதாகத் தெரிந்தால், நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுக்கலாம், எதிர்த்தரப்பின் வழக்கறிஞர் கட்டணத்தையும் அப்படி நடந்துகொண்டவர் தலையில் கட்டலாம். இன்று அந்த விதி உங்கள் தம்பிக்கு எதிராக நிற்கிறது. நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவை அழைத்து வந்தால், இரு பிள்ளைகளும் ஒரே தவறைச் செய்ததாகிவிடும். அல்சைமர் உள்ளவருக்கு இடமாற்றமே குழப்பம். விமான நிலையத்தில் மகனும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கும் காட்சியை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

கார்டியன் தேவைதானா?

நியாயமாக நான் இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கார்டியன் நியமனம் என்பது ஒரு மனிதர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமையை நீதிமன்றம் எடுத்து இன்னொருவரிடம் கொடுப்பது. அதைவிடக் குறைந்த தலையீட்டில் காரியம் நடக்குமானால் அதுவே நல்லது. 2019-இல் சுயநினைவோடு, வழக்கறிஞர் முன்னிலையில் அம்மா எழுதித் தந்த ஆவணங்கள் செல்லுபடியாக இருக்கும்வரை, கார்டியன் இல்லாமலேயே பெரும்பாலான காரியங்களை நீங்கள் செய்யலாம். நியூ ஜெர்சியில் முறையாக எழுதிய பவர் ஆஃப் அட்டர்னி பொதுவாகக் கலிஃபோர்னியாவிலும் ஏற்கப்படும்.

சிக்கல் ஏப்ரல் ஆவணத்தில் இருக்கிறது. மறதி நோய் முற்றிய நிலையில் அம்மா அதைப் புரிந்து கையெழுத்திட்டாரா என்பது பெரிய கேள்வி. நோய் இருப்பதாலேயே கையெழுத்து செல்லாது என்று ஆகிவிடாது. அந்த நேரத்தில் புரிதல் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மருத்துவக் குறிப்புகள் இதில் பேசும். தம்பி அதை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் தொட ஆரம்பித்தால், நீதிமன்றத்தைத் தவிர வேறு வழி இராது. அம்மாவின் பணம் சுரண்டப்படுகிறதா, அவரை எந்த மாநிலம் சிறப்பாகப் பாதுகாக்க முடியும் என்பதும், எது பொருத்தமான நீதிமன்றம் என்று தீர்மானிக்கும்போது எடைபோடப்படும். அதே பட்டியலில் அம்மாவின் விருப்பமும் இருக்கிறது.

அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இத்தனை பக்கக் கடிதத்தில் அம்மா எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று ஒரு வரி இல்லை. நியூ ஜெர்சி நீதிமன்றம் அம்மாவுக்கென்று தனி வழக்கறிஞரை நியமிக்கும். கலிஃபோர்னியாவில் நீதிமன்றத்தின் விசாரணை அலுவலர் நேரில் போய் அவரிடம் பேசுவார். இருவரும் கேட்கப்போவது அதைத்தான். பேத்தியோடு அம்மா சந்தோஷமாக இருக்கிறார் என்றால், பகலில் அவருடன் யாராவது வீட்டில் இருக்கிறார்கள் என்றால், அதை நீங்கள் மனத்திறப்போடு பார்க்க வேண்டும். நியூ ஜெர்சி நீதிமன்றம் விசாரித்தாலும் தம்பியையே நியமிக்க முடியும். இங்கே நீங்கள் நியமிக்கப்பட்ட பிறகு, அம்மா நிரந்தரமாக அங்கே குடியேறுவதே நல்லது என்று தெரிந்தால், இரு நீதிமன்றங்களின் ஒப்புதலோடு வழக்கை அங்கே மாற்றவும் சட்டத்தில் வழி இருக்கிறது. இன்றைய முடிவு என்றென்றைக்குமானதல்ல.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

முதலில் தம்பிக்கு ஒரு மின்னஞ்சல். குற்றச்சாட்டு வேண்டாம். அம்மா அரங்கேற்றத்துக்காக இரண்டு மாதம் தங்க வந்தார், இந்தத் தேதிக்குள் திரும்ப அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன் என்று நாலே வரி. அவர் 'கொஞ்சம் பொறு, அனுப்புகிறேன்' என்று பதில் போட்டால், அது தற்காலிகத் தங்கல் என்பதற்கு அவரே தந்த எழுத்தாகிவிடும். நடுவர் ஒருவரை வைத்துப் பேச அழைப்பு விடுங்கள். குடும்பத்தில் இருவரும் மதிக்கும் மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்களை வைத்தும் பேசலாம். ஆனால் பேச்சு நடக்கிறது என்பதற்காகத் தாக்கல் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மனு ஒரே நாளில் தயாராகாது. நியூ ஜெர்சியில் கார்டியன் மனுவை உங்கள் கவுன்ட்டியில் உயில், கார்டியன் விவகாரங்களைக் கவனிக்கும் சரோகேட் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தாக்கலுக்கு முந்தைய 30 நாட்களுக்குள் அம்மாவைப் பரிசோதித்த இரண்டு மருத்துவர்களின் சான்று அதனுடன் வேண்டும். இருவரில் ஒருவர் உளவியலாளராக இருக்கலாம். அம்மா 4,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது இது எப்படி நடக்கும் என்று மலைக்காதீர்கள். பரிசோதிக்க முயன்றும் அவரை வைத்திருப்பவர் இடம் தரவில்லை என்று ஒரு மருத்துவர் தரும் வாக்குமூலத்தோடு தாக்கல் செய்ய விதியில் இடம் இருக்கிறது. அம்மாவை அங்கேயே பரிசோதிக்க உத்தரவிடும்படி நியூ ஜெர்சி நீதிபதி கலிஃபோர்னியா நீதிமன்றத்தைக் கேட்கலாம். இரு நீதிபதிகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்கிறது. இந்த ஏற்பாடுகளுக்கே வாரங்கள் பிடிக்கும் என்பதால், முதியோர் சட்டத்தில் பழக்கமுள்ள வழக்கறிஞரை இந்த வாரமே பாருங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரு மாநிலங்களிலும் வழக்கு நடந்தால் உங்களுக்கும் தம்பிக்கும் மட்டுமே நான்கு வழக்கறிஞர்கள் வரை வருவார்கள். கட்டணத்தில் ஒரு பகுதி அம்மாவின் சொத்திலிருந்தே போக நீதிமன்றம் உத்தரவிடலாம். பிற்காலத்தில் அவரைக் கவனிக்க ஆள் வைக்க வேண்டிய பணம் அது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். சில நேரம் இந்த ஒரு கணக்கே மனதை மாற்றிவிடும்.

கும்பகோணத்து வீடு

அமெரிக்காவில் யார் கார்டியன் ஆனாலும் அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு கும்பகோணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வீட்டை விற்றுவிட முடியாது. ஒரு மாநில உத்தரவை இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்து பயன்படுத்தும் வசதி அமெரிக்க மாநிலங்களுக்கிடையேதான். இந்தியாவில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறுவர்களுக்கானது. நினைவிழந்த பெரியவர்களுக்காக உயர் நீதிமன்றங்களை அணுகிக் காப்பாளர் நியமனம் பெறுகிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் கோமாவில் இருப்பவர்களுக்காக இதற்கு வழிமுறைகளும் வகுத்தது. அந்த வீட்டைப் பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, தம்பியோடு பேசும் அழைப்புகளை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்துவருவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். நியூ ஜெர்சியில் பேசுபவர்களில் ஒருவரின் சம்மதம் போதும். கலிஃபோர்னியாவில், அந்தரங்கமான உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மீறுவது அங்கே குற்றம். இதுவரை பதிவானவற்றை அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். வழக்கறிஞரைப் பார்க்கும் முதல் நாளே அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.